ஐந்து மில்லிமீட்டர் வெட்சூட்

கடலைப் பற்றி எனக்கு ஒன்றும் தெரியாது. இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். சொல்ல வேண்டிய இடத்தில் சொல்லாமல் விட்டதால்தான் இவ்வளவும் நடந்தது. என் ஊர் தர்மபுரி மாவட்டம் பாலக்கோடு. அங்கே தக்காளி விளையும், மாங்காய் விளையும். கடலைப் பார்க்க அரை நாள் பஸ்ஸில் உட்கார வேண்டும். பதினேழு வயதில் ஒருமுறை மெரினாவுக்குப் போனேன். செருப்பைக் கையில் பிடித்துக்கொண்டு, பேண்ட் நனையாத தூரத்தில் நின்று சுண்டல் சாப்பிட்டுவிட்டுத் திரும்பினேன். எனக்கும் கடலுக்கும் இருந்த உறவு அவ்வளவுதான்.

ஆனால் டெல்லியில் இந்த விவரமெல்லாம் யாருக்கும் வேண்டியதில்லை. விந்திய மலைக்குத் தெற்கே பிறந்தவன் எல்லோரும் இங்கே கடற்கரைக்காரன். லோதி ரோட்டில் ஒரு மத்திய அரசு அலுவலகத்தில் நான் அண்டர் செக்ரட்டரி. இருபத்திரண்டு வருஷமாகத் தேங்காய், புயல், பரதநாட்டியம், சாம்பாரில் சர்க்கரை போடலாமா என்று எல்லாவற்றுக்கும் என்னிடம்தான் கருத்துக் கேட்பார்கள். நானும் ஒருமுறைகூட 'தெரியாது' என்று சொன்னதில்லை. கேட்பவர் மேலதிகாரியாக இருந்தால் இன்னும் விரிவாகச் சொல்வேன்.

அப்படித்தான் அந்த ஜனவரியில் டைரக்டர் த்யாகி என்னைக் கூப்பிட்டார். வெளியே ஐந்து டிகிரி. அவர் அறையில் இரண்டு ஹீட்டர் எரிந்துகொண்டிருந்தன, அப்படியும் அவர் கழுத்தில் மஃப்ளர். மே மாதம் சென்னைக்குத் தெற்கே ஒரு கடற்கரையில் அரசு ஊழியர்களுக்கான அலைச்சறுக்குப் போட்டி நடக்கப்போகிறது, நம் அலுவலகமும் ஆள் அனுப்ப வேண்டும் என்று சுற்றறிக்கை வந்திருந்தது. த்யாகி மீரட்காரர். அலைச்சறுக்கு என்றால் பலகைமேல் நின்று அலையில் வழுக்கிக்கொண்டு வருவது என்பதை நான்தான் கையை விரித்துக் காட்டி விளக்கினேன், நானே அதை முந்தின நாள் இரவு மொபைலில் பார்த்திருந்தேன். நீங்கள் சமுந்தர்வாலா, கடல்காரர் ஆயிற்றே, உடை விஷயத்தை நீங்களே முடிவு செய்துவிடுங்கள் என்று என் தலையில் கட்டினார். தலையாட்டிவிட்டு வந்தேன்.

ஆள் யார் என்பதில் குழப்பமே இல்லை. மொத்த அலுவலகத்திலும் நீச்சல் தெரிந்தவன் கலியமூர்த்தி ஒருவன்தான். கடலூர் தேவனாம்பட்டினத்துக்காரன், மீனவக் குடும்பம், சின்ன வயதிலிருந்தே பலகைமேல் அலையில் வழுக்கி வளர்ந்தவன். எங்கள் பிரிவில் எம்.டி.எஸ்., அதாவது கடைநிலை ஊழியன். ஃபைல்களை ஒரு அறையிலிருந்து இன்னொரு அறைக்குத் தூக்கிக்கொண்டு போவதும், நடுவில் டீ கொண்டுவருவதும் வேலை. பரீட்சை எழுதித் தேறி டெல்லிக்கு வந்து மூன்று வருஷம் ஆகியிருந்தது. மனைவி கடலூரில் ஆஸ்பத்திரி நர்ஸ், வேலையை விட்டு வர முடியாது. ஒரு பெண் குழந்தை, பிறந்து எட்டு மாதம். அதை அவன் நேரில் பார்த்தது பதினோரு நாள். அந்தக் கணக்கை அவன் என்னிடம் இரண்டு முறை சொல்லியிருக்கிறான்.

போட்டியில் முதலிடம் பிடித்தால் விரும்பிய கிளைக்கு மாற்றல் கிடைக்கும் என்பது எங்கள் விளையாட்டுப் பிரிவின் விதி. சென்னைக் கிளையில் ஒரே ஒரு இடம் காலியாக இருந்தது. கலியமூர்த்திக்கு இது தெரிந்த அன்றைக்கு எனக்கு வந்த டீயில் ஏலக்காய் இருந்தது.

நான் உடையை ஆராயத் தொடங்கினேன். அலைச்சறுக்குக்காரர்கள் உடம்பை ஒட்டின மாதிரி ஒரு ரப்பர் உடை போடுகிறார்கள், அதற்கு வெட்சூட் என்று பெயர். இரண்டு மில்லிமீட்டர், மூன்று, ஐந்து என்று தடிமன் ஏறிக்கொண்டே போகும். தண்ணீர் எவ்வளவு குளிரோ அவ்வளவு தடிமன். விற்கிறவர்களே அட்டவணை போட்டு வைத்திருக்கிறார்கள். அதில் கடைசி வரி: தண்ணீர் இருபத்தைந்து டிகிரிக்கு மேல் இருந்தால் வெட்சூட் தேவையில்லை, வெயிலுக்கு ஒரு மெல்லிய முழுக்கைச் சட்டை போதும். நம் வங்காள விரிகுடாவுக்குச் சராசரி இருபத்தெட்டு என்று போட்டிருந்தது. பத்தாம் வகுப்புப் பையன் இந்த இரண்டையும் சேர்த்துப் பார்த்து ஒரு வரியில் பதில் எழுதியிருப்பான். நான் முதுகலைப் பட்டதாரி.

எனக்கு உதைத்தது அந்த இருபத்தெட்டு. எங்கள் துவாரகா ஃபிளாட்டில் கெய்சரை நாற்பத்தைந்தில் வைத்துத்தான் குளிக்கிறோம். நாற்பதுக்குக் கீழே இறங்கினாலே என் மனைவி சுஜாதா உள்ளேயிருந்து கத்துவாள். அப்படியிருக்க இருபத்தெட்டு டிகிரித் தண்ணீரில் மனிதன் சட்டையோடு எப்படி இறங்குவான்? அந்த அட்டவணை வெள்ளைக்காரன் உடம்புக்குப் போட்டது என்று தீர்மானித்தேன். இருந்தாலும் அரசாங்க வேலை, ஆதாரம் வேண்டும். லாஜ்பத் நகரில் மீன்தொட்டிக் கடையில் ஒரு தெர்மாமீட்டர் வாங்கினேன். ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை ஆறரை மணிக்கு, பாத்ரூமில் வாளித் தண்ணீரைச் சரியாக இருபத்தெட்டுக்குக் கொண்டுவந்து தலையில் ஊற்றிக்கொண்டேன். பல் கிட்டித்துவிட்டது. மூன்றாவது சொம்புக்குமேல் ஊற்ற முடியவில்லை. சுஜாதா கதவைத் தட்டி, உள்ளே என்ன சத்தம் என்று கேட்டாள்.

பாத்ரூமில் காற்று எட்டு டிகிரி என்பதை நான் குறித்துக்கொள்ளவில்லை. சென்னையில் மே மாதம் வெயில் நாற்பதைத் தொடும் என்பதும் அந்த நிமிஷம் ஞாபகத்தில் இல்லை. திங்கட்கிழமை ஃபைலில் இப்படி எழுதினேன்: 'அதிகாரி நேரடிச் சோதனை நடத்தினார். இருபத்தெட்டு டிகிரி நீர் மனித உடலுக்குப் பாதுகாப்பானது அல்ல. ஐந்து மில்லிமீட்டர் தடிமன், தலைமூடி, கையுறை, காலுறையுடன் பரிந்துரைக்கப்படுகிறது.' கூடவே, போட்டி முழுவதும் அலுவலகம் வழங்கும் உடையிலேயே இருக்க வேண்டும், மீறினால் எந்தச் சலுகையும் கிடையாது என்று ஒரு விதியையும் சேர்த்தேன். முதுகில் அலுவலகத்தின் பெயர் பெரிதாக வர வேண்டும் என்பது த்யாகியின் ஆசை. 'பஹுத் பாரீகி சே' என்று பாராட்டிக் கையெழுத்திட்டார். இத்தனை நுணுக்கமாக யாரும் ஒரு உடையை ஆராய்ந்ததில்லையாம்.

மார்ச்சில் அந்த உடை வந்தது. பெட்டியைத் தூக்கிக்கொண்டு வந்தவனே கலியமூர்த்திதான். என் அறையிலேயே பிரித்து, கனத்தைக் கையில் நிறுத்துப் பார்த்தான். நடுவே கையுறையை எடுத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தான்.

"சார், மே மாசம் அங்க தண்ணி வெதுவெதுன்னு கெடக்கும் சார். முழுக்கை பனியன் ஒண்ணு போதும். இதப் போட்டுகினு கையால தண்ணி வலிச்சா வெந்துடுவேன்."

எனக்குச் சுருக்கென்று கோபம் வந்தது. நான் சோதனை செய்து எழுதியது, டைரக்டர் கையெழுத்திட்டது, இவன் பனியன் என்கிறான். கடலில் மீன் பிடிப்பது வேறு, விளையாட்டு வேறு, இதெல்லாம் விஞ்ஞானம் என்று ஒரு பத்து நிமிஷம் விளக்கினேன். பிறந்ததிலிருந்து அந்தத் தண்ணீரில் கிடந்தவனுக்கு அதன் சூட்டைப் பற்றி நான் பாடம் எடுத்தேன். இன்றைக்கு நினைத்தால் எனக்கே என்னை இரண்டு அறை அறையலாம் என்று இருக்கிறது. அவன் பெட்டியை மூடிக்கொண்டு போனான்.

மே மாதம் நானே அணி மேலாளராகப் போனேன். ஒரே ஆள் கொண்ட அணி, அதற்கு ஒரு மேலாளர். காலை ஒன்பதரைக்கே மணல் சுட்டது. அஞ்சல், ரயில்வே, துறைமுகம் என்று ஏழெட்டுப் பேர் வந்திருந்தார்கள், எல்லோரும் அரைக்கால் சட்டையும் மெல்லிய மேல்சட்டையும். நடுவில் எங்கள் ஆள் மட்டும் உச்சந்தலையிலிருந்து உள்ளங்கால்வரை கறுப்பு ரப்பரில் நின்றான், முகம் மட்டும் வெளியே. சின்னக் குழந்தைகள் வந்து தொட்டுப் பார்த்தார்கள். ஒலிபெருக்கியில் அறிவிப்பவர் அவனைத் தென்துருவத்திலிருந்து வந்தவர் என்று அறிமுகம் செய்தார். மொத்தக் கடற்கரையும் சிரித்தது. நானும் பந்தலுக்குள் நின்றுகொண்டு கொஞ்சம் சிரித்தேன்.

முதல் சுற்று இருபது நிமிஷம். நான்கு பேரில் இரண்டாவதாக வந்து எப்படியோ தப்பித்தான். கரைக்கு வந்தவன் பலகையைப் போட்டுவிட்டு மணலில் மண்டியிட்டு வாந்தி எடுத்தான். துறைமுகத்துக்காரர்கள் இரண்டு பேர் ஓடி வந்து தலைமூடியை உரித்தார்கள். முகம் வேகவைத்த மாதிரி சிவந்திருந்தது. முதலுதவிக்கு வந்திருந்த பெண், இந்த உடையை யார் போடச் சொன்னது என்று சுற்றிலும் பார்த்தாள். நான் அடையாள அட்டையைச் சட்டைப்பைக்குள் தள்ளிக்கொண்டேன்.

இறுதிச் சுற்றுக்கு ஒரு மணி நேரம் இருந்தது. கலியமூர்த்தி தண்ணீர் குடித்து, மூச்சு வாங்கி முடித்து, என்னிடம் வந்து கழற்றிவிடட்டுமா என்று கேட்டான். நான் தண்ணீரைப் பார்க்க நடந்தேன். ஷூவைக் கழற்றி, பேண்டை முழங்கால்வரை மடித்துக்கொண்டேன். அலை வந்து கணுக்காலில் ஏறியது. அரைத்தூக்கத்தில் யாரோ காலில் வெந்நீர் ஊற்றிய மாதிரி இருந்தது. இன்னும் இரண்டடி உள்ளே போனேன், அங்கேயும் அப்படியேதான். ஐம்பத்தோரு வயதில் முதல்முறையாகக் கடலுக்குள் நிற்கிறேன், அதில் எனக்குத் தோன்றியது ஒன்றே ஒன்றுதான்: ஃபைலில் நான் எழுதியது அத்தனையும் அபத்தம்.

பின்னாலேயே வந்து பக்கத்தில் நின்றிருந்தான் அவன். "கழட்டிரு, நான் பாத்துக்கிறேன்" என்றேன்.

அந்த மூன்று வார்த்தையை நான் சொன்னேன். வேறு யாரும் பக்கத்தில் இல்லை.

இறுதிச் சுற்றில் அவன் தன் பழைய முழுக்கை பனியனைப் போட்டுக்கொண்டு இறங்கினான். அலைச்சறுக்கில் நல்லது கெட்டது எனக்குத் தெரியாது, ஆனால் அன்றைக்குத் தெரிந்தது. மற்றவர்கள் அலைக்காக அலைந்துகொண்டிருந்தார்கள், இவன் சும்மா உட்கார்ந்திருந்தான். எழும்ப வேண்டிய அலை எழும்பியபோது மட்டும் கையால் தண்ணீரை நாலு தள்ளு தள்ளி எழுந்து நின்றான். அப்படியே கரைவரை வந்தான். எனக்குக் கண்ணில் நீர் கட்டிவிட்டது, வெயில் என்று சொல்லிக்கொண்டேன். முதலிடம். பரிசு வாங்கியவுடன் மனைவிக்கு போன் போட்டான். அவள் குழந்தையை போனுக்குப் பக்கத்தில் பிடித்திருக்க வேண்டும், இவன் கேட்டுக்கொண்டே நின்றான்.

மறுநாள் பேப்பரில் போட்டோ வந்தது. அலைமேல் கலியமூர்த்தி, அருமையான படம். பனியன் நெஞ்சில் 'அந்தோணி வலைக்கடை, கடலூர் முதுநகர்' என்று எழுத்துக்கூட்டிப் படிக்கும்படி தெளிவாக விழுந்திருந்தது. எங்கள் அலுவலகத்தின் பெயர் எங்கேயும் இல்லை.

த்யாகிக்கு அதைப் பார்த்து வந்த கோபம் கொஞ்சநஞ்சமில்லை. மந்திரியிடம் காட்டலாம் என்று ஆசையாக இருந்திருக்கிறார். ஜூன் முதல் வாரத்தில் கலியமூர்த்தியை அறைக்கு வரச் சொன்னார், விளக்கம் கேட்க. கலியமூர்த்தி இந்தி பேசி நான் கேட்டதில்லை, என்னிடம் எப்போதும் தமிழ்தான். அதனால் நடுவில் உட்கார்ந்து மொழிபெயர்க்கும் பொறுப்பும் என்னிடமே வந்தது.

உடையைக் கழற்றச் சொல்லி எந்த அதிகாரியாவது அனுமதி கொடுத்தாரா என்று த்யாகி கேட்டார். கொடுத்திருந்தால் விதிமீறல் இல்லை, அந்த அதிகாரி பதில் சொல்லிக்கொள்ளட்டும் என்றும் சேர்த்துச் சொன்னார். ஒரு 'ஆமாம்' போதும், மாற்றல் கையில். அதே 'ஆமாம்' என் சோதனை, என் பரிந்துரை, நான் செலவழிக்க வைத்த ரப்பர் எல்லாவற்றையும் மேஜைமேல் கொட்டிவிடும். டிசம்பரில் எனக்கு டெபுடி செக்ரட்டரி பதவி உயர்வு வரவிருந்தது.

நான் கலியமூர்த்தி பக்கம் திரும்பி, "யாராவது ஆபீசர் கழட்டச் சொன்னாங்களான்னு கேக்கிறாரு" என்றேன்.

அவன் என்னையே பார்த்தான். "நீங்களே சொல்லுங்க சார்" என்றான்.

நான் த்யாகியைப் பார்த்துத் திரும்பினேன். அவனாகவே கழற்றியதாகச் சொல்கிறான், தப்பு என்று ஒப்புக்கொள்கிறான் என்று சுத்தமான இந்தியில் சொன்னேன். இருபத்திரண்டு வருஷத்தில் அவ்வளவு இலக்கணச் சுத்தமாக நான் இந்தி பேசியதில்லை. த்யாகி குறித்துக்கொண்டார். வெளியே வந்ததும் கலியமூர்த்தியின் தோளில் கை வைத்து, உனக்காக எவ்வளவோ சொல்லிப் பார்த்தேன், அவர் இறங்கி வரவில்லை என்றேன். சரி சார் என்றான். முதலிடத்தைச் சலுகைக்குக் கணக்கில் கொள்ள இயலாது என்று நாலாம் நாள் உத்தரவு வந்தது. சென்னைக் கிளையின் காலியிடத்தை ஜூலையில் வேறு யாரையோ வைத்து நிரப்பினார்கள்.

எனக்குத் தூக்கம் போய்விட்டது. சுஜாதாவிடம் சொன்னேன். அவள் திட்டுவாள் என்று எதிர்பார்த்தேன், திட்டினால் கொஞ்சம் ஆறியிருக்கும். அவள் எழுந்து போய்விட்டாள், அதன் பிறகு இரண்டு நாள் என்னோடு சரியாகப் பேசவில்லை. கலியமூர்த்தி வழக்கம்போல ஃபைல் கொண்டுவந்தான், டீ வைத்தான். அவனை நிமிர்ந்து பார்க்க எனக்குத் தெம்பில்லை. ஆகஸ்டில் ஒருநாள் மற்றவர்கள் வருவதற்கு முன்னே போய் உட்கார்ந்து நாலு பக்கம் எழுதினேன். நான் நேரில் கடலில் இறங்கினேன், தண்ணீர் சூடாக இருந்தது, என் பரிந்துரை தவறு, உடையைக் கழற்ற நான்தான் வாய்மொழியாக அனுமதித்தேன், விசாரணையில் தவறாக மொழிபெயர்த்தேன், அவருடைய முதலிடத்தை மறுபடி பரிசீலிக்க வேண்டும் என்று எல்லாவற்றையும் எழுதிக் கையெழுத்துப் போட்டேன். பதவி உயர்வு போனால் போகட்டும் என்று நினைத்தபோது நெஞ்சு லேசானது, என்னைப் பற்றி எனக்கே கொஞ்சம் மதிப்பு வந்தது. அதுவும் தப்பு என்று இப்போது தெரிகிறது.

செப்டம்பரில் ஃபைல் திரும்பி வந்தது. கொண்டுவந்தவன் அவன்தான், அவனுடைய ஃபைலை அவனே தூக்கிக்கொண்டு. மேஜைமேல் வைத்துவிட்டுப் போகாமல் நின்றான். என்ன எழுதியிருக்கிறது என்று கேட்டான். திறந்து படித்தேன். சென்னைப் பயண அனுமதியில் அதிகாரி கடலில் இறங்குவதற்கு ஒப்புதல் பெறப்படவில்லை. எந்த அதிகாரத்தின் பேரில் இறங்கினார், எவ்வளவு ஆழம்வரை இறங்கினார், அந்நேரம் நீரின் வெப்பநிலையைச் சான்றளிக்கப்பட்ட கருவியால் அளந்தாரா என்று ஏழு நாளில் விளக்கம் தர வேண்டும். மாற்றல் பற்றி ஒரு வரி, கடைசியில்: காலியிடம் இல்லாததால் இப்பொருள் இத்துடன் முடிக்கப்படுகிறது.

தமிழில் சொன்னேன், இந்த முறை ஒரு வார்த்தை விடாமல். அவன் கேட்டுக்கொண்டான். அடுத்த மாதம் வேலையை எழுதிக் கொடுத்துவிட்டு ஊருக்கே போகப்போவதாகச் சொன்னான். கடற்கரையில் சுற்றுலாக்காரர்களுக்குச் சறுக்கக் கற்றுக் கொடுக்கும் இடத்தில் கூப்பிடுகிறார்களாம், நிரந்தரமில்லை, பென்ஷனில்லை, மழைக்காலத்தில் வேலையே இருக்காது. பரீட்சை எழுதி வாங்கிய வேலையை விடாதே, இந்த நாலு பக்கத்தை நான் இன்னும் மேலே எடுத்துக்கொண்டு போகிறேன் என்று அவசர அவசரமாகச் சொன்னேன்.

"அன்னிக்கு அந்த ரூம்ல ஒரு வார்த்த போதும் சார்" என்றான். கோபமில்லாமல்தான் சொன்னான்.

"உன் பேரக் கெடுக்கணும்னு இல்ல கலியமூர்த்தி. த்யாகிகிட்ட நான் எவ்வளவோ..."

"சார், மூணு வருஷமா இந்த ஊர்ல இருக்கேன். எனக்கு இந்தி புரியும்."

ஃபைல் வேறு பிரிவுக்கும் போக வேண்டும், பார்த்ததற்குக் கையெழுத்து மட்டும் போட்டுக் கொடுங்கள் என்று கேட்டான். போட்டுக் கொடுத்தேன். அவன் அதை எடுத்துக்கொண்டு அடுத்த அறைக்குப் போனான்.